ஓமகுண்ட வரி ஒழிந்த வரலாறு

கனடா நாட்டின் காலநிலைக் கொள்கை ஒட்டாவா நகரத்துப் பாராளுமன்றத்தில் வகுக்கப்படுகிறது என்று நம்பும் அப்பாவிகள் இன்னும் உலகில் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படிப்பிக்கிறார்கள். உண்மையில் அந்தக் கொள்கை விளக்கப்படுவதும் கண்டிக்கப்படுவதும் தேவைப்பட்டால் புதிதாக உண்டாக்கப்படுவதும் லண்டன் மாநகரம், இல்ஃபோர்ட் பகுதியில், ஒரு பெற்றோல் ஸ்டேசனின் கல்லாவுக்குப் பின்னாலுள்ள சுழல் நாற்காலியில். அந்த நாற்காலியில் காலை ஷிப்ட் முழுவதும் வீற்றிருப்பவர் திரு. இராஜேந்திரன்.

அவர் கனடாவுக்கு ஒரேயொரு தடவை போயிருக்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் தங்கை நாகேஸ்வரியின் மூத்த மகனுக்குக் கலியாணம். அங்கே நின்ற நாட்களில் பெரும்பகுதி தங்கை வீட்டு நிலவறையில் பலகாரம் சுடுவதை மேற்பார்வை செய்வதில் கழிந்தது. மிச்சத்துக்கு நயாகரா. ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள இவ்வளவு தாராளம். அங்கேயே கிடந்து உழல்கிறவர்களுக்குத்தான் ஒன்றும் விளங்காது. அவர்களுக்கு வேலை, பனி, மோர்ட்கேஜ்.

அதோடு கனடாக்காரருக்கு ஒரு பெரிய கஷ்டமும் இருந்தது. அரசாங்கத்துக்கும் சமூக ஊடகக் கொம்பனி ஒன்றுக்கும் நடந்த இழுபறியில், நாலு பேர் நம்பக்கூடிய செய்தித்தாள்களின் செய்தி அவர்களுடைய ஃபோன்களுக்கு வருவது நின்றுபோயிருந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்த இலுப்பைப்பூ இல்ஃபோர்டில் பூத்தது.

'கனடா உண்மை நிலவரம்' என்ற வட்ஸ்அப் குழுவை அவர் இப்படித்தான் தொடங்கினார். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன், மொன்றியல் என்று எங்கெல்லாம் சொந்தக்காரர் இருந்தார்களோ அங்கெல்லாம் அங்கத்தவர் சேர்ந்தார்கள். தினமும் காலையில் ஒரு குரல்பதிவு போகும். "வணக்கம் உறவுகளே. இதை ஒரு ஊடகமும் சொல்லாது" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொன்னதேயில்லை. அதை ஒரு ஊடகமும் சொல்லவில்லை.

ஆராய்ச்சியில் அவர் கடுமையானவர். பின்னால் உலகப்படம் மாட்டியபடி பேசும் யூடியூப் அறிஞர்களை, பெற்றோல் அடிக்க வருகிறவர்களுக்கு இடையிடையே, ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பார். இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் அது செய்தி. மூன்று பேர் சொன்னால் சரித்திரம்.

அந்தக் காலத்தில் கனடாவில் கார்பன் வரி என்று ஒன்று இருந்தது. பெற்றோலில் கொஞ்சம் எடுப்பார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருதடவை வீட்டுக் கணக்கில் திருப்பிப் போடுவார்கள். எடுத்தது நாடறிந்த விஷயம். போட்டது போடப்பட்டவருக்கே தெரியாது.

"அது வேற அண்ணை," என்றாள் நாகேஸ்வரி, திருப்பிப் போட்ட காசைப் பற்றி அவர் ஒருநாள் விசாரித்தபோது. "அது சும்மா வாற காசு."

சும்மா வருகிற காசைப் பற்றி அரசியலில் பேசுவது முறையல்ல என்று இராஜேந்திரன் விட்டுவிட்டார்.

வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தச் சம்பவம் ஒரு பெப்ரவரிக் காலையில் நடந்தது. குரல்பதிவு முடிகிற நேரம், சொல்ல வந்த சரக்குத் தீர்ந்துவிட்டது. சும்மா முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. "இப்பிடியே விட்டா, நாளைக்கு எங்கட கலியாணத்து ஓமகுண்டத்துக்கும் வரி போடுவாங்கள்," என்றார். "நெய்க்கு ஒரு வரி, சமித்துக்கு ஒரு வரி, புகைக்கு ஒரு வரி." சொல்லிவிட்டுச் சிரித்தார். பகிடி அவருக்கே பிடித்துவிட்டது.

பிரம்ப்டனில் ஒருவர் அந்தச் சிரிப்பை வெட்டி எடுத்தார். மொன்றியலில் 'நாளைக்கு' என்பது காணாமல் போயிற்று. எட்மன்டனில் அதற்கு ஒரு சட்ட இலக்கம் கிடைத்தது. ஸ்காபரோவில் படமும் சேர்ந்தது: ஐயர் ஒருவர் நெய்க்கரண்டியோடு நிற்க, தொப்பி போட்ட அதிகாரி குண்டத்தின் மேல் ஏதோ கருவியைப் பிடித்துப் புகையை அளக்கிறார். அதிகாரிக்கு வலது கையில் ஆறு விரல். அரசாங்க உத்தியோகத்தர் என்றால் அப்படித்தான் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சில கிழமைகள் கழித்து அது யாரோ முகமறியாத ஒருவரின் கணீரென்ற குரலில், 'உடனடியாகப் பகிரவும்' என்ற கட்டளையோடு இல்ஃபோர்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. இராஜேந்திரன் கேட்டார். நெஞ்சு பக்கென்றது. பெற்ற பிள்ளை மீசை வைத்து, குரல் மாறி வாசலில் வந்து நின்றால் எந்தத் தகப்பனுக்கு உடனே அடையாளம் தெரியும்?

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் மனைவி சிவமலரிடம்.

"எப்ப சொன்னனீங்கள்?"

"எப்பவோ சொன்னனான்."

'உறுதிப்படுத்தப்பட்டது' என்று தலைப்புப் போட்டு அதைத் தன் குழுவில் அவரே மறுபடி பகிர்ந்தார்.

வசந்தம் பிறந்தது. கனடா அரசாங்கம் மக்கள் கட்டிவந்த கார்பன் வரியை நிறுத்தியது. பெற்றோல் விலை இறங்கியது. சாதாரண விமர்சகன் என்றால் இந்த இடத்தில் தடுமாறியிருப்பான். இராஜேந்திரன் தடுமாறவில்லை. "நிப்பாட்டின மாதிரி நிப்பாட்டிப்போட்டு ஓமகுண்டத்துக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கினம்," என்று அறிவித்தார். வரி செத்தாலும் அதன் மேலிருந்த கோபம் சாகவில்லை. அது போய் இருக்க ஒரு வீடு வேண்டியிருந்தது, அந்த வீட்டையும் அவரே கட்டிக்கொடுத்திருந்தார்.

இதுவரை எல்லாம் சுகமாகவே போயிற்று. சிக்கல் கலியாணத்தில் வந்தது.

மகள் கஜந்தினிக்கும் மார்க்கத்தில் வேலை பார்க்கும் நிசாந்தனுக்கும் ஆவணி மாதம் கலியாணம். மார்க்கத்துக்கு வடக்கே ஏரிக்கரைத் தோட்டம் ஒன்றில், திறந்த வானத்தின் கீழ், நெய் சொரிய நெருப்பு எரிய நடக்கவேண்டும் என்பது முடிவு. கேட்டது கஜந்தினி. ஆனால் அந்த நெருப்பில் அவளைவிட ஆசை தகப்பனுக்குத்தான்.

காரணம் உண்டு. இராஜேந்திரனும் சிவமலரும் அகதியாக வந்த புதிதில், இல்ஃபோர்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம் செய்தவர்கள். மண்டபக் காவலாளி நெருப்பு மூட்டவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டான். கடைசியில் ஐயர் ஒரு தேநீர்ச் சோசரில் கற்பூரக்கட்டி ஒன்றைக் கொளுத்தினார். அதற்கும் காவலாளி சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டரைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றான். இன்றைக்கும் கலியாண அல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் நடுவில் அந்தச் சிலிண்டர்தான் தோழனாக நிற்கிறது. என் பிள்ளைக்கு இந்த நிலை வரக்கூடாது என்று அன்று நினைத்த மனிதர் அவர். அதில் பொய்யில்லை, அங்கதமுமில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூமில் இரு வீட்டாரும் கூடினார்கள். மார்க்கத்திலிருந்து மாப்பிள்ளையின் தாய் ஜெகதீஸ்வரி தலைமை வகித்தா. அங்கே தமிழ் முதியோர் சங்கத்தின் செயலாளராக இருப்பதால் எந்தக் கூட்டமும் அவ இருந்தால் ஒழுங்காக நடக்கும்.

"அண்ணை, நீங்கள்தான் இதில விசயம் தெரிஞ்ச ஆள்," என்றா. "வரியைக் கட்டிப்போட்டு எரிக்கிறதோ, எரிக்காமல் விடுறதோ?"

இராஜேந்திரன் தொண்டையைச் செருமினார். "அது வந்து தங்கச்சி, நிலைமை சிக்கலானது."

"தெரியும். அதாலதான் நான் முந்தியே ஒரு ஒழுங்கு செய்திட்டன்." அவ தான் இருந்த கதிரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கமராவுக்கு முன்னால் வைத்தா. பித்தளை நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் குண்டம். "எரியாத ஓமகுண்டம். ஒன்லைனில வாங்கினனான். உள்ளுக்க சின்ன ஃபான், மேல சிவப்புப் பட்டுத்துணி, கீழ லைட். பற்றறியில வேலை செய்யும். இஞ்ச பாருங்கோ."

ரிமோட்டை அமத்தினா. துணி எழும்பி நின்று படபடவென்று ஆடியது.

"மூண்டு வேகம் இருக்கு. தாலி கட்டேக்க மூண்டில வைக்கலாம்."

"நெய் ஊத்துறது?" என்று சிவமலர் ஈனஸ்வரத்தில் கேட்டா.

"ஊத்தினா ஷோர்ட் அடிக்குமாம். ஐயரைக் கேட்டனான். வெறுங்கரண்டியால ஊத்துவாராம். பாவனைதான் முக்கியம் எண்டவர்."

மாப்பிள்ளை நிசாந்தன் மெல்லத் தலையை நீட்டினான். "மாமா, நான் கவர்ன்மென்ட் வெப்சைட் முழுக்கப் பாத்தன். அப்பிடி ஒரு டாக்ஸ் இல்லை."

"வெப்சைட்டில போடுவாங்களே தம்பி?" என்றா தாய். கூட்டம் முழுவதும் அவன் வெகுளித்தனத்தை நினைத்துச் சிரித்தது. "நாங்கள் சும்மா கதைக்கேல்லை. சங்கத்தில கருத்துக்கணிப்பே எடுத்தனாங்கள். முக்கால்வாசிப் பேர் ஓமகுண்ட வரிக்கு எதிர்ப்பு. கொஞ்சப்பேர் சூழலுக்கு நல்லது எண்டு ஆதரவு. பத்தில ஒராள் ஏற்கெனவே கட்டிட்டாராம்."

"கட்டிட்டாரோ?" என்றார் இராஜேந்திரன்.

"ஓம். கட்டினவையில ரெண்டுபேர், கவுண்டரில இருந்த பிள்ளைக்கு மரியாதை தெரியேல்லை எண்டும் எழுதிக் குடுத்திருக்கினம். சனம் கட்டின வரி இல்லாத வரியா இருக்க ஏலுமோ அண்ணை?"

இந்தத் தர்க்கத்துக்கு அவரிடம் மறுமொழி இருந்திருந்தால் இத்தனை காலம் அவர் குழு நடத்தியிருக்க முடியாது.

சூம் அணைந்ததும் கஜந்தினி தன் ஃபோனை எடுத்து மேசையில் வைத்தாள். இந்த வரி எங்கிருந்து புறப்பட்டது என்று அவள் ஒவ்வொரு சொந்தக்காரராகக் கேட்டு, பிரம்ப்டன்வரை பின்னோக்கிப் போயிருந்தாள். முதன்முதல் பதிவு அவளுக்குக் கிடைத்துவிட்டது. அமத்தினாள்.

"...நெய்க்கு ஒரு வரி, சமித்துக்கு ஒரு வரி, புகைக்கு ஒரு வரி." பிறகு சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னால் ஓர் ஆங்கிலக் குரல்: "பம்ப் ஃபோர், பாஸ்."

இராஜேந்திரனுக்குக் காது சிவந்தது. மீசையை மழித்த பிள்ளை இப்போதுதான் முகத்தைக் காட்டியிருந்தது.

"இது உங்கட குரல்தானே?" என்றா சிவமலர்.

"குரல் என்ரதுதான். கருத்துப் பொதுமக்களுடையது."

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் கஜந்தினி. "நான் பகிடிக்குச் சொன்னது எண்டு ஒரே ஒரு மெசேஜ் போடுங்கோ. முடிஞ்சுது."

"பகிடி எண்டு சொன்னா, இனி நான் சொல்லுறதை ஆர் பிள்ளை நம்புவினம்?"

"அதுதான் அப்பா எல்லாருக்கும் நல்லது." அவள் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "நீங்கள் சொல்லாட்டி, நான் அந்தப் பற்றறியைச் சுத்தித்தான் வரவேணும். எனக்கு ஏலாது."

மறுநாள் காலை நாற்காலியில் இருந்துகொண்டு, "உறவுகளே, நான் பகிடிக்கு" என்று அவர் பல தடவை தொடங்கினார். பல தடவை அழித்தார். ஒருபக்கம் மகளின் நெருப்பு, மறுபக்கம் தன் மானம். இரண்டையும் ஒரே கரண்டியில் எப்படி எடுப்பது? அப்போதுதான் பெரிய இராசதந்திரிகளுக்கு மட்டும் வாய்க்கும் யோசனை ஒன்று உதித்தது.

"வணக்கம் உறவுகளே. இதை ஒரு ஊடகமும் சொல்லாது. வெற்றி. லண்டன் வாழ் உறவுகளின்ர கடும் அழுத்தம் தாங்கேலாமல், கனடா அரசாங்கம் ஓமகுண்ட வரியை இண்டைக்கு முழுசா நீக்கிப்போட்டுது."

கனடா ஆனந்தக் கண்ணீர் வடித்தது. மொன்றியலில் பாயசம் காய்ச்சினார்கள். கட்டிய வரியைத் திருப்பி வாங்குவது எப்படி என்று சிலர் கேட்டார்கள். இல்ஃபோர்ட் கடைத்தெருவில் அவரைக் கண்டவர்கள் கைகொடுத்தார்கள். ஜெகதீஸ்வரி குண்டத்தைப் பெட்டியில் போட்டு, வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னா.

"இல்லாத வரியை நீக்கின ஒரே ஆள் நீங்கள்தான் அப்பா," என்றாள் கஜந்தினி. கோபப்படத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. எப்படியோ நெருப்புக் கிடைத்துவிட்டதே.

கலியாண நாளன்று ஏரிக்கரைத் தோட்டத்தில் வானம் கரைத்த மஞ்சள்போல இருந்தது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. காற்றில் கரிந்த மர மணம். ஐயர் சமித்தை அடுக்கி, நெய்ச்சட்டியைத் திறக்கிற நேரம், தோட்டத்தின் மேலாளர் ஷெறோன் என்ற பெண் ஓடிவந்தாள். மிகவும் மன்னிக்கவேண்டும் என்றாள். காட்டுத் தீ பரவிக்கொண்டிருப்பதால் காலையிலிருந்து வெளியில் எந்த நெருப்பும் மூட்டத் தடை என்றாள். மெழுகுதிரிகூடக் கூடாது.

பந்தலில் சலசலப்பு எழுந்தது.

"பாத்தியளே?" என்றாள் நாகேஸ்வரி எல்லாருக்கும் கேட்க. "வரியை எடுக்க வைச்ச கோபம். இப்ப நெருப்பையே நிப்பாட்டிப்போட்டாங்கள். அண்ணை அப்பவே சொன்னவர்."

"சொன்னவர், சொன்னவர்," என்றது சபை. யாரோ இராஜேந்திரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஜெகதீஸ்வரி போய்க் கார் டிக்கியைத் திறந்தா. பெட்டி அங்கேதான் இருந்தது. "அனுப்ப மறந்துபோனன்," என்றா. "கடவுள் செயல்."

இராஜேந்திரன் மகளைப் பார்த்தார். கூறைச்சேலை, நெற்றிப்பட்டம், அதற்குக் கீழே மருத்துவ முகமூடி. அவள் இருமினாள். கண்ணில் நீர் வடிந்தது. ஓமப்புகையில் கண் கலங்கும் பொம்பிளையைப் பார்க்க அவர் ஆசைப்பட்டவர்தான், ஆனால் இந்தப் புகை எங்கேயோ எரிகிற காட்டுடையது. இத்தனை வருசம் புகைக்குப் போட்ட வரியைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன், புகையைப் பற்றி ஒருநாளாவது பேசினேனா என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. ஃபோனை எடுத்துக்கொண்டு பந்தலின் ஓரத்துக்குப் போய்க் குரல்பதிவு செய்தார்.

"உறவுகளே. ஓமகுண்ட வரி எண்டு ஒண்டு இருந்ததே இல்லை. அது நான் பகிடிக்குச் சொன்னது. நீக்கினதெண்டதும் பொய். இண்டைக்கு என்ர பிள்ளைக்கு நெருப்பு இல்லாமல் போனது ஒருதற்ற சதியாலயும் இல்லை. காடு எரியுது. தலையை நிமித்தி மேல பாருங்கோ."

பந்தலில் இருந்த எல்லாருமே குழு அங்கத்தவர்கள். ஒவ்வொரு மடியிலும் ஃபோன் கிணுகிணுத்தது. எல்லாரும் குனிந்து கேட்டார்கள். ஒருவரும் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. முதல் மறுமொழி இரண்டாம் வரிசையிலிருந்து வந்தது.

'ஆதாரம் இருக்கோ அண்ணை?'

அடுத்தது மணவறைக்குப் பக்கத்திலிருந்து: 'லிங்க் போடுங்கோ.'

அதற்கடுத்தது: 'எந்த ஊடகம் சொன்னது?'

இத்தனை ஆண்டுகளில் அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

கலியாணம் இனிதே நடந்தது. தாலி கட்டும்போது துணி மூன்றாம் வேகத்தில் ஆடியது. வலம்வரும்போது பற்றறி செத்தது. நிசாந்தன் தன் ஃபோன் வெளிச்சத்தைக் குண்டத்துக்குள் வைத்துவிட்டு மிச்சத்தைச் சுற்றினான். கஜந்தினி முகமூடிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விதிப்படி ஷெறோன் சிவப்புச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். படத்தில் அதுவும் விழுந்தது. காலில் விழுந்து எழும்பிய மகள், "நல்லாச் சொன்னனீங்கள் அப்பா," என்றாள். அவருக்கு அது போதுமாயிருந்தது.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு காலை ஷிப்டில் ஃபோனைத் திறந்தார். 'கனடா உண்மை நிலவரம்' குழுவிலிருந்து அங்கத்தவர்கள் ஒவ்வொருவராக விலகியிருந்தார்கள். எஞ்சியது அவர் ஒருவர். புதிதாக 'கனடா உண்மையான உண்மை நிலவரம்' என்று ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. அதில் சிவமலரைச் சேர்த்திருந்தார்கள், அவரைச் சேர்க்கவில்லை. மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த சிவமலர் அதன் முதல் குரல்பதிவைப் போட்டுக் காட்டினா. நாகேஸ்வரியின் குரல்.

"வணக்கம் உறவுகளே. இதை ஒரு ஊடகமும் சொல்லாது. எங்கட அண்ணை விலைபோயிட்டார். காட்டுத் தீ எண்டு சொல்லச் சொல்லி லண்டனில அவருக்குக் காசு குடுத்திருக்கினம்."

நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்தவேண்டிய இடத்தில் அழுத்தியிருந்தாள். இராஜேந்திரனுக்கு நெஞ்சு பக்கென்றது. "எவ்வளவு குடுத்தவையாம்?" என்று கேட்டார்.

"என்னப்பா, நீங்களே நம்பிட்டியளோ?"

"இல்லை. அவள் சொல்லுற விதம் அப்பிடி."

"விதம் உங்கடதானே," என்றா சிவமலர்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே நாலாம் பம்பில் ஒருவன் பெற்றோலை அடிக்க விட்டுவிட்டு, கடல் கடந்து வந்த புகையில் செம்மையேறியிருந்த சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அழகாகத்தான் இருந்தது.

"ஆதாரம் எங்க எண்டு ஒருக்காக் கேளும்," என்றார்.

சிவமலர் ஒற்றை விரலால் தட்டி அனுப்பினா. இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு அவர் திரும்பியபோது மனைவி ஃபோனைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தா.

"என்னவாம்?"

"என்னையும் குழுவில இருந்து எடுத்துப்போட்டினம்."

அன்று முதல் காலநிலை தொடர்பான கனடாவின் பொதுமக்கள் கருத்து ஏகமனதாக இருக்கிறது.